எருக்கலைப் பூச்சியின் சட்டை

அந்த அக்காவை நான் முதலில் கண்ட இடம் ஒரு எருக்கலைப் பற்றை. வெள்ளவத்தையில் ரெயில் பாதைக்கும் கடற்பாறைகளுக்கும் நடுவே அந்த நாளில் எருக்கலை செழித்து நிற்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கலியாணமான ஒரு பெண் அந்தப் பற்றைக்கு முன்னால் குந்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய ஆறு வயது மகள். சுற்றிவர எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள். எல்லோரும் ஒரு வண்ணாத்திப்பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செம்மஞ்சள் நிறம். சிறகின் நுனி கறுப்பு. அந்தக் கறுப்பில் வெள்ளையாக ஒரு பட்டை. கொழும்பில் நீங்கள் எந்த நாளும் காணும் பூச்சிதான். அவசரமே இல்லாமல், கோயில் வீதி சுற்றுகிறவர் போல, பூவுக்குப் பூ போய்க்கொண்டிருந்தது. தந்திக் கம்பியில் இருந்த கரிக்குருவி ஒன்று அதன்மேல் பாய்ந்து வந்தது. கிட்ட வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மேலே போய்விட்டது.

குருவி ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டது. அது கசக்கும் என்றார் அக்கா. புழுவாக இருக்கும்போதே எருக்கலை இலையைத் தின்று, அந்தப் பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். ஒருமுறை கொத்திப் பார்த்த குருவி பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே விலகிப் போகும் என்று விளங்கப்படுத்தினார். அதற்குப் பிறகு சொன்னதுதான் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

"உதே சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கடை மலையிலை ஒண்டு பறக்கும். அது கசக்காது. எண்டாலும் ஒரு குருவியும் தொடாது."

"அந்தச் சட்டையை ஆர் அக்கா தைச்சுக் குடுத்தது?" என்று ஒருவன் கேட்டான். எருக்கலைப் பூச்சியிடம் இரவல் வாங்கியிருக்கும் என்றாள் இன்னொருத்தி. பிள்ளைகள் சிரித்தார்கள். கடலில் கால் நனைத்துவிட்டு வந்து நின்ற நானும் சிரித்துவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பிக்கும் நம்பிக்கை இல்லைப் போல" என்றார். கோபமில்லை. என்றைக்கோ ஒருநாள் நம்பத்தானே போகிறாய் என்பது போன்ற பார்வை.

நான் யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் விற்பனைக்கு நின்றேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது அக்காவின் வீடு. பூச்சி, புழு, மலை ஒன்றும் எனக்குத் தெரியாது. ஆணி, கீல், தாழ்ப்பாள் தெரியும். ஆகையால், பிள்ளைகளே, இதில் நான் சொல்லும் வண்ணாத்திப்பூச்சிக் கதையெல்லாம் அந்த அக்கா சொன்னதும், பிறகு நானே என் கண்ணால் கண்டதும்தான்.

அவருக்கு ஒழுங்கையில் 'ஸ்டேசன் அக்கா' என்று பெயர். அவருடைய தகப்பனார் மலைநாட்டுப் பாதையில், ரெயில் ஏறும் உயரத்தின் கிட்டத்தட்டக் கடைசியில், ஒரு சின்ன ஸ்டேசனில் மாஸ்டராக இருந்தவர். அங்கிருந்து காட்டுக்குள்ளால் மேலே ஏறிப் போனால் ஒரு கட்டத்தில் மரங்கள் நின்றுவிடும். அதற்கப்பால் கண் எட்டும் மட்டும் புல். தை மாதத்துக் காலையில் அந்தப் புல்லின்மேல் உப்புத் தூவினமாதிரிப் பனி உறைந்திருக்கும். வெயில் ஏறும்வரை ஒரு பூச்சியும் அசையாது. வெயில் ஏறியதும் அந்த வண்ணாத்திப்பூச்சிகள் கல்லின்மேல் சிறகை விரித்து வைத்துக் குளிர் காயும். ஆண் பூச்சிக்கு உடம்பெல்லாம் செம்மஞ்சள், அதில் கறுப்புப் புள்ளி. அது சும்மா இராது. ஒன்றை ஒன்று துரத்தும், வேகமாகப் பறக்கும். பெண் பூச்சிதான் எருக்கலைப் பூச்சியின் சட்டையைப் போட்டிருப்பது. அதே கறுப்பு நுனி, அதே வெள்ளைப் பட்டை. நிறம் மட்டுமில்லை, நடையும் அதே நடை. மெல்ல மெல்லப் புல்லின்மேல் மிதந்து போகும். தரையோடு முளைக்கும் சின்ன ஊதாப் பூச்செடியைத் தேடி, அதன் அருகில் முட்டை இடும். புழுவுக்கு அந்தச் செடியின் இலைதான் சாப்பாடு. அதில் நஞ்சு ஒன்றும் இல்லை.

சின்ன வயதில் அக்கா அந்தப் பூச்சியைத் துரத்திப் பார்த்திருக்கிறார். கிட்டப் போய்க் கையை ஓங்கினால் அது பயந்துபோகும். பயந்ததும் மெல்லப் பறக்கிறதை மறந்துவிடும். படபடவென்று வேகமாகப் பறக்கத் தொடங்கும். அப்போது அது எருக்கலைப் பூச்சி இல்லை என்று ஒரு குழந்தைக்கே தெரிந்துவிடும்.

"மெல்லப் போகுமட்டும் அதுக்கு ஒண்டும் இல்லை. ஓட வெளிக்கிட்டால் சரி, சாயம் வெளுத்துப்போகும்" என்பார். இதை அவர் எத்தனையோ தரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடவேண்டாம் என்று ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் இதுதான். பரீட்சைக்குப் பயந்த பிள்ளைக்கும் இதுதான். பயம் வரட்டும், ஓட்டம் வரக்கூடாது என்பது அவருடைய பாடம். அவரே அதை எப்படிச் செய்தார் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அக்காவின் கணவர் மலாயாவில் ரெயில்வே கிளார்க். ஒருமுறை விடுமுறையில் வந்து, மகளைக் கொழும்பில் படிப்பிக்கலாம் என்று, வெள்ளவத்தையில் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து மனைவியையும் மகளையும் குடியிருத்தினார். தான் இன்னும் சில காலம் வேலை செய்துவிட்டு வருவதாகக் கப்பல் ஏறினார். அவர் போன கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டான். கடல் பூட்டியாயிற்று. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு செய்தியும் வராது. இருக்கிறாரா இல்லையா என்றுகூட யாருக்கும் தெரியாது.

அடுத்த சித்திரையில், ஜப்பான்காரன் கொழும்பிலும் வந்து குண்டு போட்டான். அபாயச் சங்கு ஊதியதும் எங்கள் ஒழுங்கை இரைந்துகொண்டு ஓடியது. ஒருவர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். ஒரு வீட்டில் அடுப்பில் சோறு எரிந்தது. நானும் ஓடினேன், எங்கே என்று தெரியாமல். அக்கா மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பதுங்கு குழியை நோக்கி நடந்து வந்தார். ஓடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் அவர் வருவதைக் கண்டு வெட்கப்பட்டு நடக்கத் தொடங்கினார்கள். குழிக்குள் இருந்தபோது, பயமே இல்லையா அக்கா என்று கேட்டேன். அவர் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். கணுக்கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கால் நடுங்குது தம்பி. நடையை நடுங்க விடேல்லை, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கொழும்பு பாதி காலியானது. சனங்கள் பெட்டி படுக்கையோடு யாழ்ப்பாண மெயில் ரெயிலுக்கு முண்டியடித்தார்கள். அக்காவின் தமையனும் ஊரிலிருந்து கூட்டிப்போக வந்தார். ஆம்பிளை இல்லாத வீட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும் எப்படி இருப்பது என்று ஒழுங்கைக்கே கேட்கும்படி சத்தம் போட்டார். அக்கா அவருக்குச் சோறு போட்டு, சாப்பிட்டு முடிந்ததும் சொன்ன மறுமொழி மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது.

"அண்ணை, அவருக்குத் தெரிஞ்ச விலாசம் இது ஒண்டுதான். கப்பலாலை இறங்கி வந்து இந்தக் கதவைத் தட்டேக்கை வேறை ஆரும் திறந்தால் அந்த மனுசன் எங்கை போவார்?"

தமையன் தனியே திரும்பிப் போனார். அக்கா அந்த வீட்டைப் பிடித்து வைத்திருப்பது என்று முடிவு செய்துவிட்டார். கணவர் வரும்வரை. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

தமையன் போன மறுநாள் நான் ஒரு புதினத்தைக் கண்டேன். அக்காவின் முற்றத்துக் கொடியில் ஒரு ஆண்பிள்ளைச் சட்டையும் ஒரு சாறமும் காய்ந்தன. கணவரின் பெட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கும். அடுத்த நாளும் காய்ந்தன. அதற்கு அடுத்த நாளும். வாசல் படியில் ஒரு சோடி சப்பாத்து வந்து இருந்தது, தூசி படாமல். அக்கா யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கை பேசாமல் இருக்குமா? புருசன் திரும்பி வந்துவிட்டாராம் என்றார் ஒருவர். துறைமுகத்தில் இரவு வேலையாம், பகலெல்லாம் நித்திரையாம் என்று அதை இன்னொருவர் வளர்த்தார். முன்கோபக்காரராம், நித்திரை குழம்பினால் மனுசன் மனுசனாக இருக்கமாட்டாராம் என்று சலூன்காரர் முடித்து வைத்தார். கீரைக்காரப் பெண் அந்த வீட்டடியில் வரும்போது கூவுவதை நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து போவாள். வேண்டாத விஷயங்களுக்கு வாசலில் வந்து நின்று கதை வளர்க்கும் ஆட்களும் குறைந்துபோனார்கள்.

பக்கத்து வீட்டில் இருந்த எனக்கு உண்மை தெரியும். அந்த வீட்டில் இருமல் சத்தம் இல்லை, சுருட்டு மணம் இல்லை. அந்தச் சட்டை தோய்த்துத் தோய்த்து வெளுத்ததே தவிர அதன் கழுத்துப்பட்டி தேயவே இல்லை. ஒருநாள் தண்ணீர்ப் பைப்பில் சந்தித்தபோது கேட்டேன், அக்கா, இது பொய்யில்லையா என்று.

"கொடியிலை சட்டை காயுது. காயிற சட்டை என்ன பொய் சொல்லும் தம்பி? மிச்சமெல்லாம் ஒழுங்கைதானே சொல்லுது."

அந்தப் பூச்சியும் குருவியிடம் போய் நான் கசப்பு என்று சொல்வதில்லை, குருவியே நினைத்துக்கொள்கிறது என்றார். எனக்கு அது முழுதாகச் சரியென்று படவில்லை. பொய் சொல்லாதே என்று உங்களுக்கு நான் சொல்லி வந்திருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று நான் யாருக்கும் சொல்லப் போகவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

குண்டுக்குப் பயந்து சனங்கள் வெளிக்கிட்ட நேரத்தில் கொழும்பு வீடுகள் கைமாறின. அக்கா இருந்த வீட்டைக் குடியிருப்பவர்களோடு சேர்த்தே வாங்கினவர் வேறு யாருமில்லை, என் முதலாளிதான். அவர் வீடு கொட்டாஞ்சேனையில். கெட்டவர் இல்லை. வாய்தான் பெரிது. கடையில் அவர் மெல்லக் கதைத்தால் அவருக்குச் சுகமில்லையோ என்று நினைப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடையும் கையுமாக ரெயிலில் வெள்ளவத்தைக்கு வந்து இறங்குவார். என்னையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டைப் பார்க்கப் போவார்.

முதல் தரம் வந்தபோது வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்து மறுபாதியில் வேறு குடும்பம் வைக்கப்போவதாகச் சொன்னார். படியில் நின்று, உள்ளே படுத்திருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்று, தொண்டையைத் திறந்துதான் சொன்னார். அக்கா அவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நடையில் ஒரு அவசரமும் இல்லை. ஒரு மனிதனை எழுப்பி, விஷயத்தைச் சொல்லி, அவன் யோசித்து மறுமொழி சொல்ல எவ்வளவு நேரம் போகுமோ அவ்வளவு நேரம் கழித்து வெளியே வந்தார்.

"வேண்டாம்" என்றார்.

யார் சொன்னது என்று அவர் சொல்லவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது என்னிடம், ஒற்றைச் சொல்லில் மறுமொழி அனுப்புகிறான் பார், பொல்லாதவனாக இருப்பான் போல என்றார். பலகைக் கதை அதோடு நின்றது.

இன்னொருமுறை பின்வளவுப் பலா மரத்தைத் தறித்து விற்கவேண்டும் என்று வந்தார். அக்கா உள்ளே போய் வந்தார். வேண்டாம். மரம் தப்பியது. இப்படி இரண்டு வருடத்துக்கு மேல் போயிற்று. என் முதலாளி கண்ணால் காணாத ஒரு மனிதனோடு சண்டை பிடித்துத் தோற்றுக்கொண்டிருந்தார். சில நாளில் கடையில் சும்மா இருக்கும்போது, அந்த ஆள் எப்படி இருப்பான், உயரமோ என்று என்னைக் கேட்பார். நானும் கண்டதில்லை முதலாளி என்பேன். அது உண்மைதானே.

யுத்தம் முடியப்போகிற காலம் வந்தது. கொழும்பு முழுக்கப் பட்டாளத்துக்காரர். கடற்கரைப் பக்கம் வீடு கேட்டு அதிகாரிகள் அலைந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு முதலாளி வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தமுறை அவருக்குப் பின்வாங்க வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி போல என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் படியடியில் நின்றார்.

மாத முடிவுக்குள் வீட்டை விடவேண்டும், இது பேச்சுக்கு உரியதல்ல என்றார். அக்கா உள்ளே திரும்பினார்.

"நில்லும் பிள்ளை. நீர் உள்ளை போய் வெளியிலை வந்து கதைச்சது காணும். இண்டைக்கு உம்மடை மனுசன் வரட்டும். வந்து என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

அப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு காலைப் படியில் வைத்தார். அக்கா திரும்பி நின்றார். அவருடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் அவருடைய காலைப் பார்த்தேன். சேலைக் கரை துடித்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. தடித்த, அடித்தொண்டை இருமல். பிறகு ஒரு செருமல். கட்டில் கிறீச்சிட்டது.

முதலாளி காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு அடி பின்னுக்கும் வந்தார். குடையை மறுகைக்கு மாற்றினார். எழும்பிவிட்டார் போல, சரி, இன்னொரு நாள் வந்து கதைக்கிறேன் என்று அவர் குரல் இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் அக்கா சும்மா நின்றிருந்தால் அவர் போயே போயிருப்பார். எனக்கு நெஞ்சுக்குள் பெரிய ஆறுதல்.

அக்கா உள்ளே திரும்பி, மகளை வெளியே வரச் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை கதவோரம் வந்து நின்றது. கன்னம் சிவந்திருந்தது. கையை வாயில் குழல்போல் வைத்து இருமிய அடையாளம் இன்னும் கையில் இருந்தது, விரல்கள் மடங்கியபடியே இருந்தன.

"முதலாளி, இருமினது இவள்தான். உள்ளுக்கை ஒருத்தரும் இல்லை."

முதலாளிக்கு விளங்கவில்லை. எனக்குத்தான் முதலில் விளங்கியது. சட்டையைத் தொங்கவிட்டது அக்கா; அதற்கு அவர் தன்னிடம் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஆனால் தன் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததும் அதை ஒரு நிமிடம்கூட அவர் வைத்திருக்கவில்லை. அந்தப் பொய் வென்றுகொண்டிருந்த நேரத்திலேயே அதைக் கையோடு பிடித்துக் கொடுத்துவிட்டார்.

"அப்ப அவர் எங்கை?"

"மலாயாவிலை. மூண்டு வருசமாச் செய்தியில்லை."

"பலகை அடிக்கவேண்டாம் எண்டது ஆர்? மரம் தறிக்கவேண்டாம் எண்டது?"

"நான்தான். உள்ளை போய்த் தண்ணி குடிச்சு, யோசிச்சு, வந்து சொன்னனான். இவ்வளவு நாளும் நீங்கள் பயந்தது எனக்குத்தான் முதலாளி."

ஒழுங்கையில் வேலிக்கு வேலி தலைகள் தெரிந்தன. முதலாளி தன் காலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். நான் அவருடைய பெரிய வாய்க்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவருடைய முகம் வெட்கத்தில் கறுத்துப்போய்விட்டது. நமது ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆம்பிளை இருக்கும் வீட்டு வாசலில் நின்று எவ்வளவும் சண்டை பிடிக்கலாம். ஆம்பிளை இல்லாத வீட்டு வாசலில் நின்று குரல் உயர்த்தினவன் என்று ஒருமுறை பெயர் எடுத்தால், பிறகு கோயிலடியிலும் தலை நிமிர முடியாது. அவர் இரண்டு வருடத்துக்கு மேலாக அதைத்தான் செய்திருக்கிறார், தெரியாமல்.

"உதை நீர் முதல் நாளே சொல்லியிருந்தால் நான் இந்தப் படியடிக்கு வந்திருக்க மாட்டன்" என்றார்.

"முதல் நாள் சொல்லியிருந்தால் நீங்கள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்? எல்லாக் குருவியும் ஒரே மாதிரித்தானே பாயுது."

முதலாளிக்குக் குருவிக் கதை தெரியாது. ஆனாலும் அவர் தலையை ஆட்டினார். குடையை விரித்து, அந்த நேரத்தில் வெயிலும் இல்லை, முகத்தை மறைத்துக்கொண்டு ஸ்டேசனை நோக்கி நடந்தார். பட்டாளத்து அதிகாரிக்குக் கொட்டாஞ்சேனையில் தன் சொந்த வீட்டு மேல்மாடியைக் கொடுத்துத் தன் வாக்கைக் காப்பாற்றினார் என்று பிறகு அறிந்தேன். அவருடைய மனைவி அதற்காகப் பல நாள் அவரோடு கதைக்கவில்லையாம்.

மறுநாள் அக்காவின் கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை இல்லை. சட்டை போனபின் யாராவது வாலாட்டுவார்களோ என்று நான் பயந்தேன். ஒருவரும் ஆட்டவில்லை. கீரைக்காரப் பெண் மட்டும் பழையபடி அந்த வீட்டடியிலும் கூவத் தொடங்கினாள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். பல வருடம் கழித்து உங்களில் மூத்தவர்களை நான் அந்த மலைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனேன், நினைவிருக்கும். குளிரில் பல் கிட்டி, அப்பா போவம், போவம் என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தீர்கள். வெயில் வந்த பிறகு ஒன்று வந்தது. செம்மஞ்சள், கறுப்பு நுனி, வெள்ளைப் பட்டை. வெள்ளவத்தைப் பூச்சி இவ்வளவு தூரம் வந்துவிட்டதே என்றுதான் நானும் நினைத்தேன். மெல்ல, மிக மெல்ல மிதந்தது. அந்தக் கூட்டத்தில் சின்னவன் கையை நீட்டிக்கொண்டு ஓடினான். அடுத்த கணம் அது கவணில் வைத்து விட்ட கல் மாதிரிப் போய்விட்டது. போகும்போது சிறகின் அடிப்பக்கம் வெள்ளி போல ஒருமுறை மின்னியது. எருக்கலைப் பூச்சிக்கு அந்த வெள்ளி கிடையாது. அக்கா ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து கடல் திறந்தது. மலாயாவிலிருந்து கப்பல்கள் வந்தன. சிலருடைய வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், சிலருடைய வீட்டுக்குச் செய்தி மட்டும் வந்தது. அக்கா வீட்டுக்கு இரண்டும் வரவில்லை. அவர் வழக்கம்போலச் சமைத்தார், மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா சந்தைக்குப் போயிருந்தார். மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். முதலாளி கூரை ஓடு மாற்றுவதற்கு அளவு பார்க்க வந்தவர், ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் அக்கா இல்லாமல் கால் வைக்கக்கூடாது என்று வாசற் படலையடியில் என்னோடு நின்றார். அப்போது ஒழுங்கையால் ஒரு மனிதர் வந்தார். எலும்பும் தோலும். யாரோ கொடுத்த பெரிய காற்சட்டையைக் கயிற்றால் கட்டியிருந்தார். நேரே வந்து படலையில் கை வைத்தார்.

முதலாளி குடையைக் குறுக்கே நீட்டினார்.

"ஆர் நீர்? எங்கை போறீர்?"

"என்ரை வீட்டுக்கு" என்றார் அந்த மனிதர், மிகவும் மெல்லிய குரலில்.

"உம்மடை வீடோ? இது என்ரை வீடு காணும். அதுக்குள்ளை ஒரு பெண்பிள்ளை தனிய இருக்கிறா. அவ வந்து சொல்லுமட்டும் ஒருத்தனும் படலை தாண்டேலாது. தம்பி, நீ அங்காலை வந்து நில்."

நான் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அவரைத் தெரியாது. அந்த வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் கொழுத்த கன்னமுள்ள ஒரு வாலிபர் இருந்தார். இவர் கிழவர் மாதிரி இருந்தார். களைத்துப்போய்ப் படலையடியிலேயே நிலத்தில் இருந்துவிட்டார். முதலாளி குடையை நீட்டியபடியே காவல் நின்றார்.

ஒழுங்கை முனையில் அக்கா தெரிந்தார். கையில் சந்தைப் பை. எங்களைக் கண்டார், நிலத்தில் இருந்தவரையும் கண்டார். ஓடி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அடி அடியாக, அவ்வளவு மெதுவாக ஒரு மனிதர் நடந்து நான் கண்டதில்லை. அது அவராக இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் அது. இப்போது எனக்கு அந்த நடையை வாசிக்கத் தெரியும்.

"பிள்ளை, இந்த ஆள் இது தன்ரை வீடெண்டு சொல்லுறார்" என்றார் முதலாளி. "நான் விடேல்லை. என்ன செய்ய?"

அக்கா குனிந்து அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த வீட்டுப் பூட்டின் திறப்பை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"அவர் சொல்லுறது சரி முதலாளி. விடுங்கோ."

பை அவருடைய கையிலிருந்து எப்போது விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. ஒழுங்கையெல்லாம் உருண்ட கத்தரிக்காய்களை என் முதலாளிதான், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.